கிராம்பு எண்ணெய் நானோ பால்மம் பத்தே நாளில் பிரிகிறது: வாழைச் சீப்பு அழுகலுக்கு எப்படி நிலைநிறுத்துவது?

தார்க்கணக்கு

வணக்கம். வாழைச் சீப்பை வெட்டிய இடம் கறுத்து அழுகுவதைத் தடுக்க, கிராம்பு எண்ணெய்ப் பால்மத்தில் (எண்ணெய் நுண்துளிகளாக நீரில் பரவிய கலவை) முக்கி எடுக்கும் முறை பற்றிய கேள்வி இது. 100 கிராம் கலவைக்கு கிராம்பு மொட்டு எண்ணெய் 5 கிராம், ட்வீன் 80 (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள்) 5 கிராம், காய்ச்சி வடித்த நீர் 90 கிராம். 20 கிலோஹெர்ட்ஸ் புரோப் சோனிகேட்டரில் (மீயொலியால் துளியை உடைக்கும் கருவி) 10 நிமிடம். துளியின் சராசரி விட்டம் முதல் நாள் 140 நானோமீட்டர், 3 நாள் கழித்து 215, 10 நாள் கழித்து 300. அதற்குப் பிறகு பாட்டிலின் அடியில் மஞ்சள் எண்ணெய் தனியாக நிற்கிறது. 20 மடங்கு நீர்த்துப் பச்சைச் சீப்பை 5 நிமிடம் முக்கினால் காய் நுனிகளில் பழுப்புத் தழும்பு விழுகிறது. ட்வீனைக் கூட்டுவதா, சோனிகேட்டர் நேரத்தைக் கூட்டுவதா?

கூழ்மவேதி

இரண்டும் வேண்டாம். முதலில் நீங்கள் கொடுத்த மூன்று எண்களையும் மும்மடியாக்கிப் பாருங்கள். 140-இன் மும்மடி 27.4 லட்சம், 215-க்கு 99.4 லட்சம், 300-க்கு 270 லட்சம். நாளொன்றுக்குச் சுமார் 24 லட்சம் வீதம் நேர்கோட்டில் ஏறுகிறது. விட்டத்தின் மும்மடி நாளோடு நேர்கோட்டில் ஏறினால் அது ஆஸ்ட்வால்டு முதிர்வு. துளிகள் ஒன்றோடொன்று மோதி இணைவதால் வரும் கோளாறு அல்ல. சின்னத் துளியிலிருக்கும் எண்ணெய் நீரில் கரைந்து பெரிய துளிக்குப் போய்ச் சேர்கிறது. மோதி இணைவதாக இருந்தால் அளவுப் பரவல் வரைபடத்தில் இரண்டாவது மேடு தனியாக முளைக்கும். முதிர்வில் ஒரே மேடு அப்படியே வலப்பக்கம் நகரும். வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காரணம் எளிது. கிராம்பு எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் யூஜெனால் என்ற பீனால் வகைப் பொருள். 25 டிகிரியில் அது லிட்டருக்குச் சுமார் 2.4 கிராம் நீரில் கரையும். சமையல் எண்ணெய் நீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். இவ்வளவு கரையும் ஒரு பொருளை நானோ துளியாக உடைத்தால், உடைத்த வேகத்திலேயே அது மீண்டும் திரளப் பார்க்கும். சோனிகேட்டரில் இன்னும் சிறியதாக உடைத்தால் தொடக்கப் புள்ளி மாறும், கோட்டின் சாய்வு மாறாது. ட்வீனைக் கூட்டினால் மிசெல்கள் (ட்வீன் மூலக்கூறுகள் கூடிய நுண்திரள்கள்) பெருகும். அவையே யூஜெனாலைத் துளிக்குத் துளி சுமக்கும் வண்டியாகி முதிர்வை வேகப்படுத்தவும் கூடும்.

மருந்து வேறு. நீரில் கரையாத ஒரு எண்ணெயை யூஜெனாலோடு முன்பே கலந்துவிட வேண்டும். சின்னத் துளியிலிருந்து யூஜெனால் வெளியேறினால் கரையாத எண்ணெய் உள்ளேயே தங்கும், அந்தத் துளியில் யூஜெனாலின் செறிவு குறையும், அதனால் வெளியேற்றம் தானாக நிற்கும். தைம் எண்ணெயில் இதைச் சோள எண்ணெய் கொண்டு செய்கிறார்கள். அங்கே எண்ணெய்ப் பகுதியில் பாதிக்கு மேல் சோள எண்ணெய் தேவைப்படுகிறது. கிராம்புக்கு 40 சதவீதத்தில் தொடங்கி 50, 60 என்று மூன்று பாட்டில் வைத்து, மும்மடிக் கோடு எதில் படுக்கிறது என்று பாருங்கள்.

தார்க்கணக்கு

நன்றி ஐயா. எந்த எண்ணெய், எந்த வரிசையில் சேர்ப்பது என்றும் சொன்னால் நல்லது.

கூழ்மவேதி

சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் போதும். நல்லெண்ணெய் வாங்கினால் நிறமும் மணமும் கூடவே வரும்.

100 கிராமுக்கு: கிராம்பு எண்ணெய் 3 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 2 கிராம், ட்வீன் 80 5 கிராம், நீர் 90 கிராம். இரண்டு எண்ணெய்களையும் கண்ணாடிக் குவளையில் 10 நிமிடம் கலக்குங்கள், கலங்கல் இல்லாமல் ஒன்றாகிவிடும். ட்வீனை நீரில் தனியாகக் கரையுங்கள். கெட்டியாக இருந்தால் 40 டிகிரிக்குச் சூடாக்கினால் இளகும். பிறகு எண்ணெயை நீரில் மெதுவாக ஊற்றிக்கொண்டே வேகக் கலக்கியில் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 3 நிமிடம். இந்த முன்பால்மத்தைத் தவிர்த்து நேரடியாகச் சோனிகேட்டரில் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. புரோப்பின் நுனிக்கு அருகில் இருப்பது மட்டும் உடையும், குவளையின் ஓரத்தில் இருப்பது அப்படியே கிடக்கும்.

சோனிகேட்டரில் 13 மில்லிமீட்டர் புரோப், 40 சதவீத வீச்சு, 5 நொடி ஓட்டம், 5 நொடி நிறுத்தம், ஓட்டம் மட்டும் மொத்தம் 10 நிமிடம். குவளையைச் சுற்றி ஐஸ். கலவை 35 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், யூஜெனால் ஆவியாகி அறையெல்லாம் மணந்தால் அந்த அளவு கலவையில் குறைந்துவிட்டது என்று பொருள். நுனி 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கட்டும். மேலே இருந்தால் நுரை கட்டும், நுரையில் ஆற்றல் வீணாகும். முடிந்ததும் சுழற்றி வண்டலைப் பாருங்கள். சாம்பல் நிறத் தூள் இருந்தால் புரோப்பிலிருந்து உதிர்ந்த டைட்டானியம். நுனியில் குழிகள் விழுந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

இந்த 60:40 கலவையில் இன்னொரு நன்மை உண்டு. கிராம்பு எண்ணெய் நீரைவிடக் கனம், ஒப்படர்த்தி சுமார் 1.05. சூரியகாந்தி 0.92. கலந்தால் ஏறக்குறைய 0.99. துளி பெருத்தாலும் உடனே அடியில் இறங்காது, மேலே ஆடையாகவும் கட்டாது.

மொட்டும்இலையும்

எண்ணெயை வாங்கும் இடத்திலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. "கிராம்பு எண்ணெய்" என்ற பெயரில் மொட்டு, இலை, காம்பு மூன்றிலிருந்து வடித்ததும் விற்பனைக்கு வருகிறது. மொட்டு எண்ணெயில் யூஜெனாலோடு யூஜெனைல் அசிட்டேட்டும் காரியோஃபிலினும் இருக்கும். இலை எண்ணெய் விலை குறைவு, யூஜெனால் அதிகம். பூஞ்சையைக் கொல்ல இலை எண்ணெய் மோசமில்லை, ஆனால் இந்த மாதம் மொட்டு, அடுத்த மாதம் இலை என்று மாறினால் உங்கள் எண்கள் எதுவும் பொருந்தாது. வாயு நிறப்பகுப்புச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கையோடு செய்யும் சோதனையும் உண்டு. ஒரு சொட்டை நீரில் விடுங்கள், மூழ்க வேண்டும். மிதந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. மொட்டு எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.527 முதல் 1.535 வரை.

இலவங்கப்பட்டை எண்ணெய்க்கு மாற நினைப்பவர்களும் கவனிக்கவும். இலங்கைக் கறுவாவின் பட்டை எண்ணெயில் முதன்மைப் பொருள் சினமால்டிஹைடு, அதே மரத்தின் இலை எண்ணெயில் யூஜெனால். பாட்டிலில் வெறும் "கறுவா எண்ணெய்" என்றிருந்தால் உள்ளே எது என்று மூக்கை நம்பி முடிவு செய்யக்கூடாது.

சேமிப்புக்குப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். யூஜெனால் பாலிஸ்டைரீனை இளக்கும், மெல்லிய பிளாஸ்டிக் குவளை மங்கிப்போகும். துருப்பிடித்த இரும்பு டிரம் கூடவே கூடாது, பீனால் இரும்போடு சேர்ந்து கறுக்கும்.

நுண்துளி

நானோ அளவுக்குக் கொண்டுவந்தாலே வீரியம் பல மடங்கு ஏறும் என்பதுதானே இதன் அடிப்படை? துளி சிறிதானால் மேற்பரப்பு கூடும், பூஞ்சையின் சவ்வுக்குள் எளிதாக நுழையும். இப்போது 40 சதவீதம் சூரியகாந்தி எண்ணெயைச் சேர்த்தால் அந்த வீரியம் போய்விடாதா?

பூசணத்தட்டு

இரண்டாவது கேள்வி சரியானது, முதல் கருத்தைத்தான் திருத்த வேண்டும். யூஜெனால் பூஞ்சையின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் அமைப்பைக் குலைத்து, உள்ளே இருப்பதைக் கசிய வைக்கிறது. வேலை செய்வது நீரில் கரைந்த தனி யூஜெனால் மூலக்கூறு. துளி அதற்கு ஒரு கிடங்கு. 140 நானோமீட்டர்த் துளி பூஞ்சையின் செல் சுவரைத் துளைத்துக்கொண்டு முழுதாக உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது தவறு.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பீனால் வகைப் பொருள்களை ட்வீன் பிடித்து வைத்துக்கொள்ளும். பாராபென் என்ற கெடாமல் காக்கும் பொருள் சேர்த்த களிம்புகளில் பாலிசார்பேட் (ட்வீன் இந்த வகை) இருந்தால் பாராபென் செயலிழக்கும் என்பது மருந்தாக்கத் துறையில் பழைய பாடம். யூஜெனாலும் தைமாலும் அதே குடும்பம். எனவே நானோ பால்மம் சாதாரணக் கரைசலைவிடக் குறைந்த வீரியத்தோடு வந்தாலும் வியக்க வேண்டியதில்லை.

"வீரியம் ஏறியது" என்று சொல்வதற்கு முன் இவை எல்லாம் ஒரே நாளில், ஒரே ஊடகத்தில் இருக்க வேண்டும்: வெறும் நீர்; கிராம்பு இல்லாத, ட்வீனும் சூரியகாந்தியும் மட்டும் உள்ள பால்மம்; அதே பொருள்கள் அதே அளவில், சோனிகேட்டர் இல்லாமல் கையால் குலுக்கியது; எத்தனாலில் கரைத்த யூஜெனால் (ஊடகத்தில் எத்தனால் 1 சதவீதத்துக்கு மிகாமல்); வழக்கமான பூஞ்சைக்கொல்லி ஒன்று. கையால் குலுக்கிய அந்த மூன்றாவது ஒப்பீடு இல்லாத அறிக்கை எதுவும் நானோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கிராம்பைப் பற்றி மட்டும் சொல்கிறது.

தட்டுச் சோதனையில் நேரும் தவறுகள்: உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரை 45 டிகிரிக்கு ஆறவிட்டுப் பால்மத்தைச் சேருங்கள், 60 டிகிரியில் சேர்த்தால் யூஜெனால் ஆவியாகும். 7 நாள் வளர்ந்த, சீப்பு அழுகலைத் தரும் கொலெட்டோட்ரிகம் மியூசே பூஞ்சையின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி நடுவில், முகம் கீழே பார்க்க வையுங்கள். ஒப்பீட்டுத் தட்டையும் மருந்துத் தட்டையும் ஒரே பெட்டியில் அடுக்கக் கூடாது, ஆவி பக்கத்துத் தட்டுக்குப் போய் ஒப்பீட்டையே அடக்கிவிடும். 96 குழித் தட்டில் இந்தக் கோளாறு இன்னும் மோசம். செறிவான குழிக்குப் பக்கத்துக் குழியில் வளர்ச்சி நின்றால் அது ஆவியின் வேலையாக இருக்கலாம். இடையில் ஒரு வரிசையை வெறுமையாக விடுங்கள். பால்மமே வெண்மை என்பதால் கலங்கலை வைத்து வளர்ச்சியைப் படிக்கவும் முடியாது. ரெசசூரின் சாயம் சேர்த்து நீலம் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்க்கலாம்.

கடைசியாக, வளராத வட்டத்தை மருந்தில்லாத புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். அங்கே மீண்டும் வளர்ந்தால் பூஞ்சை தடுக்கப்பட்டது, சாகவில்லை. சீப்பு கப்பலிலோ லாரியிலோ பல நாள் இருக்கப் போகிறது என்றால் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இன்னொன்று. சீப்பு வெட்டுவாய் அழுகல் ஒரே பூஞ்சையின் வேலையல்ல. கொலெட்டோட்ரிகம் மியூசே, ஃபியூசேரியம் இனங்கள், லாசியோடிப்ளோடியா தியோப்ரோமே என்று கூட்டமாக வரும். ஒன்றை மட்டும் தட்டில் வென்றுவிட்டுச் சந்தைக்குப் போக முடியாது.

கூழ்மவேதி

பூசணத்தட்டு சொன்னதற்கு ஒரு கணக்குச் சேர்க்கிறேன். புதுக் கலவையில் கிராம்பு எண்ணெய் 3 சதவீதம். 20 மடங்கு நீர்த்தால் 1500 பிபிஎம். அதாவது லிட்டருக்கு 1.5 கிராம். யூஜெனால் 2.4 கிராம் வரை கரையும் என்றால், முக்கும் தொட்டியில் பெரும்பகுதி துளியை விட்டு நீருக்குள் வந்துவிடும்! எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே யூஜெனால் 200 முதல் 300 மடங்கு எண்ணெயை விரும்பும் என்று வைத்துக்கொண்டாலும், லிட்டரில் சூரியகாந்தி எண்ணெய் இருப்பது 1 கிராம்தான். அதில் தங்குவது ஐந்தில் ஒரு பங்கு அளவு. மீதியை நீரும் ட்வீன் மிசெல்களும் பங்கிட்டுக்கொள்ளும். நுண்துளிக்கு இதுவே பதில்: சூரியகாந்தி பாட்டிலில் பால்மத்தைக் காக்கும், தொட்டியில் யூஜெனாலைப் பெரிதாகப் பிடித்து வைக்காது.

அப்படியானால் நானோ எதற்கு? குலுக்கிய கலவையில் பெரிய துளிகள் முழுதாகக் கரையும் முன்பே சீப்பின் மேல் ஒட்டி, வழிந்து காய் நுனியில் சேரும். அங்கே கிட்டத்தட்ட முழுச் செறிவு கிராம்பு எண்ணெய் தோலைச் சுடும். தார்க்கணக்கு பார்த்த பழுப்புத் தழும்புக்குக் காரணம் இதுதான். அவர் முக்கியது 2500 பிபிஎம், கரைதிறன் எல்லையிலேயே நிற்கும் அளவு. அதோடு முதிர்ந்து பெருத்த பால்மம். கிராம்பு எண்ணெய் களைக்கொல்லிகளிலும் பயன்படும் பொருள் என்பதை மறக்கக் கூடாது, செடியின் திசுவும் அதற்கு இரையே. நானோ துளி தொட்டியில் சீராகவும் விரைவாகவும் கரைந்து எல்லா இடத்துக்கும் ஒரே அளவு கொடுக்கிறது. அதன் மதிப்பு அங்கேதான்.

அளவு பார்க்கும்போதும் இதே கரைதல் ஏமாற்றும். ஒளிச்சிதறல் கருவிக்காக 100 மடங்கு வெறும் நீரில் நீர்த்தால் யூஜெனால் வெளியேறித் துளி சுருங்கும். 60 சதவீதம் போய்விட்டால் விட்டம் 26 சதவீதம் குறையும், 150 என்பது 110 என்று படிக்கும். கிராம்பு எண்ணெயை நீரில் குலுக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிந்த நீரால் நீர்க்க வேண்டும். ஜீட்டா மின்னழுத்தம் (துளியின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் அளவு) 30 மில்லிவோல்ட்டை எட்டவில்லை என்று கவலை வேண்டாம், ட்வீன் மின்னூட்டத்தால் காப்பதில்லை, தன் நீண்ட சங்கிலிகளால் துளிகளைத் தள்ளி நிறுத்துகிறது.

தார்க்கணக்கு

இப்போதுதான் தழும்பின் காரணம் பிடிபடுகிறது. மாம்பழத்துக்குச் செய்வதுபோல 52 டிகிரி வெந்நீரில் இதையே கலந்து முக்கலாமா?

கூழ்மவேதி

ஆலோசனை நல்லது, ஆனால் ட்வீன் 80 சூட்டில் நீரை விட்டு விலகும் தன்மையுடையது. பீனால் பொருள்கள் அந்த விலகல் வெப்பநிலையை இன்னும் கீழே இழுக்கும். 52 டிகிரியில் திரிந்த பால்போல ஆகலாம். ஒரு சோதனைக் குழாயில் 10 மில்லி நீர்த்த பால்மத்தை வைத்து, நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றிக் கலங்கும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு 10 டிகிரி கீழே நில்லுங்கள். வெந்நீர் தனியாக, ஆறிய பிறகு பால்மம் தனியாக என்று பிரிப்பது பாதுகாப்பு. பச்சை வாழைத் தோல் 52 டிகிரியைத் தாங்குமா என்பதையும் சில சீப்புகளில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்பூச்சு

முக்கி எடுத்தபின் யூஜெனால் ஆவியாகிப் போவதுதான் எனக்குப் பெரிய குறை. அதைத் தோலின் மேல் நிறுத்தி வைக்கக் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) பூச்சு சேர்க்கலாம். 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசான் 1 சதவீதம், இரவு முழுக்கக் கலக்கி, துணியில் வடிகட்டி, காரத்தால் 5.0 முதல் 5.5 பிஎச் வரை கொண்டுவாருங்கள். 6.2-ஐத் தாண்டினால் வெள்ளையாகத் திரண்டுவிடும். இதில் பால்மத்தை மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும், தலைகீழாகச் செய்தால் கட்டி விழும். 2 சதவீதக் கைட்டோசான் வேண்டாம், பூச்சு தடித்தால் காய் மூச்சு முட்டிப் பழுப்பது சீர்கெடும், புளிப்பு வாடை வரும்.

நானோ துகளாகவே வேண்டும் என்றால் 1997-இல் கால்வோவும் அலோன்சோவும் அவர்கள் குழுவினரும் வெளியிட்ட அயனிக் கூழாக்க முறை இருக்கிறது: கைட்டோசான் கரைசலில் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவது. எடை விகிதம் 5:1-இல் தொடங்குங்கள். பாஸ்பேட் கூடினால் பால்வெண்மை சட்டென்று கட்டியாகும். கைட்டோசானும் அசிட்டிக் அமிலமும் தாமே பூஞ்சையை அடக்கும். ஆகவே அமிலம் மட்டும், கைட்டோசான் மட்டும் என்று இரண்டு ஒப்பீடு கூடுதலாக வேண்டும்.

பொடியாக வைத்துக்கொள்ள விரும்பினால் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின், யூஜெனாலை உள்ளே அடக்கிக்கொள்ளும் வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு. ஒரு மூலக்கூறுக்கு ஒரு யூஜெனால் என்றால் எடையில் அதிகபட்சம் 12.6 சதவீதம்தான் ஏற்ற முடியும். விலையைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

பசுமைவெள்ளி

வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நைட்ரேட் கலந்து வெள்ளி நானோ துகள் செய்வது இன்னும் எளிதல்லவா? அதுவும் தாவர வழிதானே?

பூசணத்தட்டு

செய்ய எளிது, ஆனால் உண்ணும் பொருளின் மேல் வேண்டாம். அங்கே பூஞ்சையை அடக்கும் வேலையில் பெரும்பங்கு வெள்ளி அயனிக்கு. வேப்பிலை வெள்ளியை ஒடுக்கி மேலே போர்வையாக ஒட்டுகிறது, அவ்வளவே. அதே செறிவில் வெள்ளி நைட்ரேட்டை மட்டும் ஒப்பீடாக வைத்தால் இது விளங்கும். யூஜெனால் ஆவியாகிவிடும், வெள்ளி அப்படிப் போகாது. கழுவிய நீர் வாய்க்காலுக்குப் போகும்போது அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களையும் தாக்கும். இதைத் தாவர மருந்து என்ற பெயரில் விற்பதை நான் ஏற்க மாட்டேன்.

சட்டமும்சீட்டும்

விற்பனைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டு வரி. இந்தியாவில் "பூஞ்சையைக் கொல்லும்" என்று சீட்டில் அச்சிட்டால் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிட மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. துளி அளவு, நிலைப்பு, நச்சுத் தன்மை ஆகிய தரவுகளை இப்போதே தேதியிட்டு எழுதி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் திருத்திய நானோ பொருள் வரையறை திடத் துகள்களை மட்டுமே குறிக்கிறது, பால்மத் துளி அதில் வராது. கைட்டோசான் துகள் எங்கே வரும் என்பதைத் தனியாகக் கேட்டுத் தெளிய வேண்டும். யூஜெனாலுக்கு நாளொன்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்று உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு நிபுணர் குழு வரம்பு வைத்திருக்கிறது. தோலை உரித்துத் தின்னும் பழம் என்பதால் வாழைக்கு இது சாதகம். ஆனால் சதையில் கிராம்பு வாடை ஏறுகிறதா என்று பழுத்தபின் சுவைத்துப் பார்க்க வேண்டும், வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

தார்க்கணக்கு

எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டம் இப்படி: 40, 50, 60 சதவீதச் சூரியகாந்தி, மூன்று பாட்டில், 30 நாள். முக்கும் செறிவு 500, 1000, 1500 பிபிஎம். சீப்பு வெட்டியதும் பால் வடிய 1 சதவீதப் படிகாரத் தண்ணீர், உடனே கைட்டோசான் கலந்த பால்மம், பிறகு 14 டிகிரியில் சேமிப்பு. சரியா?

மேற்பூச்சு

"உடனே" என்பதை மட்டும் மாற்றுங்கள். படிகாரத்தில் சல்பேட் இருக்கிறது, அது கைட்டோசானைப் பிடித்துத் திரளவைக்கும். இரண்டு சீப்பு முக்குவதற்குள் தொட்டியில் வெள்ளைச் சளி மிதக்கும், பூச்சும் திட்டுத்திட்டாக விழும். படிகாரத்துக்குப் பிறகு ஓடும் நல்ல தண்ணீரில் ஒரு கழுவல், நீர் வடிய 10 நிமிடம், அதன் பிறகு பூச்சு.

பூசணத்தட்டு

நோயை இயற்கைக்கு விட்டுவிடாதீர்கள், சில நாள் வரும், சில நாள் வராது. வெட்டுவாயில் மில்லிக்கு 10 லட்சம் வித்துள்ள கரைசலை, எண்ணும் கண்ணாடியில் எண்ணி, 20 மைக்ரோலிட்டர் வையுங்கள். ஒரு தொகுதிக்கு 4 மணி நேரம் கழித்து மருந்து, இன்னொரு தொகுதிக்கு 24 மணி நேரம் கழித்து. கிராம்பு முதலில் வேலை செய்து இரண்டாவதில் தோற்றால், வெட்டிய அன்றே முக்கியாக வேண்டும் என்பது உறுதியாகிவிடும். 13 டிகிரிக்குக் கீழே போனால் குளிரால் தோல் கறுக்கும், அதை மருந்துத் தழும்பு என்று எண்ணிவிடாதபடி முக்காத சீப்புகளையும் அதே அறையில், ஆவி படாமல் தனிப் பெட்டியில் வையுங்கள்.

தார்க்கணக்கு

சரி, இடையில் கழுவல் சேர்க்கிறேன், 4 மணி, 24 மணி என்று இரண்டு தொகுதியும் வைக்கிறேன். மும்மடிக் கோடுகளை 30 நாள் கழித்து இங்கேயே போடுகிறேன்.